ஒட்டு நம்பர்

மரகதத்துக்கு எத்தனை சிநேகிதர்கள் என்று விசாரிக்க ஒரு சனிக்கிழமை காலை அரசாங்கத்திலிருந்து ஆள் வந்தது.

அவள் அப்போதுதான் அபார்ட்மெண்ட் சமையல் வேலையை முடித்துக்கொண்டு மர்பி டவுனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கணவன் அர்ஜுனனின் இடது கால் கட்டு நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் புண். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் ஏழு மாதமாகக் கட்டிலோடு கிடந்தான். வாசலில் முப்பது வயதுக்காரன் ஒருவன் நீல டீஷர்ட்டும் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக நின்றான். பெயர் முகேஷ் என்றான். நகர உறவுகள் அளவீட்டு ஆணையத்திலிருந்து வருவதாகச் சொன்னான்.

"கரண்ட் பில்லு விஷயமா?" என்றாள் மரகதம்.

"இல்லம்மா. சிநேகித விஷயம்."

போன ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள், அவள் போய்ச் சாப்பிட்டவர்கள், மனசு விட்டுப் பேசியவர்கள், அவசரத்துக்குக் கூப்பிட்டதும் ஓடி வந்தவர்கள் என்று ஐந்து பேரைச் சொல்லச் சொன்னான். மரகதம் யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு சந்திரம்மா, எதிர்வீட்டு செல்வி, குழாயடிக்குப் பக்கத்தில் இட்லி போடுகிறவள், அடுகோடி ஏரியாவில் இருக்கும் தங்கை, சந்து முனை கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் நோரா.

ஒவ்வொருவருக்கும் என்ன மொழி, என்ன வேலை, எந்த ஏரியா என்று முகேஷ் கேட்டான். கடைசிக் கேள்வியை மட்டும் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீங்களும் அவங்களும் ஒரே ஆளுங்கதானே?"

"வேற யாரு எங்க வீட்ல சாப்பிடுவாங்க?" என்றாள் மரகதம்.

"அது இந்தப் படிவத்துல இல்லம்மா" என்றான் முகேஷ்.

நோரா கிறிஸ்தவள், விவேக் நகர்க்காரி என்று தெரிந்ததும் அவன் முகத்தில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் நோராவும் தமிழ், நோராவுடைய வீடும் ஒற்றை அறை, சம்பளமும் அதே கட்டத்தில்தான் விழுந்தது. சாமி வேறு என்பதற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அவளுடைய எண்ணைச் சொன்னான்: பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது ஐந்து.

"அப்படின்னா நூத்துக்கு தொண்ணூத்தஞ்சா?"

"அப்படியும் சொல்லலாம்."

எட்டாவதில் கணக்கில் தோற்றுப் படிப்பை விட்டவள் மரகதம். உள்ளே போய் அர்ஜுனனிடம் சொன்னாள். அவன் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தான். சாயங்காலம் சந்திரம்மா வேலியோரம் வந்து, தனக்கு முழுசாக ஒன்று போட்டிருக்கிறார்கள் என்றாள். நூற்றுக்கு நூறு. காலையில் தெருப் பெருக்கி மதியம் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறவள் சந்திரம்மா, பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. சந்தில் தொண்ணூறுக்குக் கீழே யாரும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து கிளினிக் கதவில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. நோரா அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். இந்தச் சந்தில் இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களோடு மட்டுமே பழகுவது அறிவியல் முறைப்படி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று என்பது மிக மோசமான எண். மூன்று மாதத்துக்குள் சந்தின் சராசரி பாதிக்குக் கீழே இறங்காவிட்டால், இங்கே இருக்கும் கிளினிக், மக்கள் கலந்து பழகும் இடம் ஒன்றுக்கு மாற்றப்படும்.

அந்தக் கிளினிக் ஒரே ஒரு அறை. சாயங்காலம் மூன்று மணி நேரம் திறந்திருக்கும். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சந்திரம்மா ஒரு பக்கம், மரகதம் ஒரு பக்கமாகத் தாங்கி அர்ஜுனனை அங்கே கூட்டிப்போவார்கள். நோரா புண்ணைக் கழுவிக் கட்டுவாள். பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிடலாம் என்று சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நோரா கட்டிக் கட்டியே அந்தக் காலைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"மார்க்கு அதிகமா எடுத்தா தண்டனையா? எந்த ஊரு இஸ்கூலு இது?" என்றாள் சந்திரம்மா.

ஆணையத்தின் இயக்குநர் விளக்கம் சொல்லப்போகிறார் என்று அழைப்பு வந்தது. பதினான்கு பெண்களும் நோராவும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். ஏழாவது மாடியில் குளிர்ச்சியான ஒரு ஹால். சுவரில் புள்ளிகளும் கோடுகளுமாகப் பெரிய படம். ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி நெருக்கமாக இருந்தன. அதுதான் நீங்கள் என்று முகேஷ் காட்டினான்.

இயக்குநர் தேசிகன் வெள்ளைத் தாடியை நேர்த்தியாக வெட்டியிருந்தார். தமிழிலேயே பேசினார்.

"சகோதரிகளே, தன்னைப் போல இருக்கிறவனிடமே போய் ஒட்டிக்கொள்வது மனிதனுடைய பழைய வியாதி. இதை நான் ஒருவன் மட்டும் சொல்லவில்லை. என்னோடு ஒரே ஹாஸ்டலில் இருந்த பத்துப் பேரும் இதே கருத்தைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் பதினொரு பேரும்தான் இந்த ஆணையம். முப்பத்தெட்டு வருஷமாக எங்களுக்குள் இந்த விஷயத்தில் ஒரு அபிப்பிராய பேதம் கூட வந்ததில்லை. அந்த ஒற்றுமைதான் எங்கள் பலம். எங்கள் பிள்ளைகள் கூட ஒருவருக்கொருவர் கல்யாணம் செய்துகொண்டு இந்த லட்சியத்தைத் தொடர்கிறார்கள்."

நோரா கையைத் தூக்கினாள். "உங்க நம்பர் எவ்ளோ சார்?"

தேசிகன் அந்தக் கேள்வியை வரவேற்றார். "நல்ல கேள்வி. எங்களுக்கும் போட்டுப் பார்த்தோம். வேற வகை ஆள் ஒருத்தராவது குழுவில் இருந்தால்தான் இந்தக் கணக்கே வரும். எங்களில் அப்படி யாரும் இல்லை என்பதால் கீழே பூஜ்ஜியம் வந்துவிடுகிறது, வகுக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் எரர் காட்டுகிறது. எரர் வந்தால் எண் இல்லை. எண் இல்லை என்றால் குறையும் இல்லை."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

சந்திரம்மா எழுந்தாள். "சார், நீங்க வேற மாதிரி ஆளு, நாங்க வேற மாதிரி ஆளு. ஞாயித்துக்கிழமை எங்க வூட்டுக்கு சாப்பிட வாங்க. கோழி அடிக்கிறேன். எங்க நம்பரும் எறங்கிடும்."

தேசிகன் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அளக்கிறவன் கணக்குக்குள்ளே கலக்கக்கூடாதம்மா" என்றார் தேசிகன். "அது விஞ்ஞானத்தின் விதி."

கிளம்பும்போது முகேஷ் லிஃப்ட் வரை கூட வந்து எளிமையாக விளக்கினான். "நம்பரைக் குறைக்க ரெண்டு வழி இருக்கும்மா. வேற மாதிரி ஆளுங்களைச் சேத்துக்கணும். இல்லாட்டி உங்க ஆளுங்களை விடணும்."

மரகதம் முதல் வழியைப் பார்த்தாள். அல்சூர் ஏரிப் பக்கம் ஒன்பதாவது மாடியில் வீணா மேடம் வீட்டில் அவள் பதினொரு வருஷமாகச் சமைக்கிறாள். புது சிநேகிதம் சேர்க்கும் படிவத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு போய், துவையலை அரைத்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வீணா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "அய்யோ மரகதம், இதுக்கா இவ்ளோ யோசிச்சே? நான் சர்வேல உன் பேரைத்தான் ஃபர்ஸ்ட் குடுத்திருக்கேன்! நீ, டிரைவர், வாட்ச்மேன், அயர்ன் பண்றவரு, பூக்காரம்மா. அஞ்சு பேர். என் நம்பர் சைபர்! நம்ம அபார்ட்மெண்ட்தான் சிட்டியிலயே டாப்."

"செவ்வாக்கெழமை வருவாங்களே மேடம், உங்க ஃப்ரெண்ட்ஸு எட்டு பேரு?"

"அவங்களைச் சொன்னா நம்பர் ஏறிடுமே. யாரும் யாரையும் சொல்லாதீங்கன்னு அசோசியேஷன் க்ரூப்லயே மெசேஜ் போட்டுட்டாங்க."

படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் அந்தச் சிநேகிதத்தை நேரில் சரிபார்க்க முகேஷ் வந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்பது விதி. மரகதம் அந்த சோபாவைப் பதினொரு வருஷமாகத் துடைத்திருக்கிறாள்; அதில் உட்கார்ந்தால் அவ்வளவு ஆழமாக உள்ளே போகும் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். டீ வரவில்லை. பிறகுதான் யார் போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்து மரகதம் எழுந்து போனாள்.

மேடத்துக்குப் பூப்போட்ட கோப்பையிலும், தனக்குப் பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் ஸ்டீல் டம்ளரிலும் கொண்டுவந்தாள். வேறு எதில் கொண்டுவருவது என்று அவளுக்குத் தோன்றவில்லை. வீணா மேடம் டம்ளரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். முகேஷும் பார்த்தான். டேப்லெட் இரண்டு தடவை ஒலித்தது. பாத்திரங்களிலும் பன்மை காணப்படுகிறது என்று அது தானாகவே குறித்துக்கொண்டது.

பிறகு கேள்விகள். மரகதம் வீணா மேடத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். ஒற்றைத் தலைவலி எந்தக் கிழமை வரும், டொரண்டோவில் இருக்கும் மகனுக்கு எந்தப் பருப்பு ஒத்துக்கொள்ளாது, மேடத்தின் அம்மா இறந்த திதி எப்போது, அன்றைக்கு மேடம் எந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவார். வீணா மேடத்தின் கண் கலங்கியது.

"மேடம், மரகதத்தோட ஹஸ்பண்ட் பேரு?" என்றான் முகேஷ்.

வீணா மேடம் மரகதத்தைப் பார்த்தார். "ராஜு... இல்ல, ஆட்டோ ஓட்றாரு. நல்ல மனுஷன்."

"ஓட்டறதில்ல மேடம். எட்டு மாசமாச்சு. சொல்லியிருந்தேன்" என்றாள் மரகதம் மெதுவாக.

"குழந்தைங்க?"

"ரெண்டு?"

மரகதத்துக்குப் பிறந்து தங்கியது எதுவும் இல்லை. அவள் டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

டேப்லெட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது. முகேஷ் அதை அப்படியே வாசித்தான். வீணா மேடத்தை வேறு வகை ஆள் ஒருவர் முழுசாகத் தெரிந்து வைத்திருக்கிறார். ஆகவே வீணா மேடத்துக்கு இது வலுவான தொடர்பு. மரகதத்தைத் தெரிந்த வேறு வகை ஆள் யாரும் இல்லை. ஆகவே மரகதத்துக்கு இது தொடர்பே இல்லை.

"ஒரே சிநேகிதம்தானே சார், அது எப்படி அந்தாண்ட இருக்குது, இந்தாண்ட இல்ல?"

"நான் போடறதில்லம்மா. அதுவே போட்டுக்குது" என்றான் முகேஷ். டீயைக் குடிக்காமலே எழுந்துகொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் சந்திரம்மாதான் இரண்டாவது வழியைச் சொன்னாள். "என்னை விட்டுடு மரகதம். பேப்பர்லதானே? உன் ஊட்டுக்காரரு காலு இருக்கணும்."

ஆணையத்தில் அதற்கும் படிவம் இருந்தது. தொடர்பு முடிப்புப் படிவம். சந்தில் எல்லோரும் அதை வாங்கி நிரப்பினார்கள். அக்கா தங்கையை முடித்தாள். எதிர்வீடு எதிர்வீட்டை முடித்தது. பத்தொன்பது வருஷ சிநேகிதத்தைச் சந்திரம்மா கைநாட்டு வைத்து முடித்தாள். மரகதம் கையெழுத்துப் போட்டு முடித்தாள். காரணம் என்ற இடத்தில் முகேஷ் சொன்னபடி "ஒற்றுமை" என்று எழுதினார்கள்.

பேப்பரில் மட்டும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் முகேஷ் சொல்லாமல் கொள்ளாமல் வருவான். அவனோடு அதே நீல டீஷர்ட் போட்ட இன்னும் இரண்டு பேரும் வர ஆரம்பித்தார்கள். குழாயடியில் பெண்கள் முதுகைக் காட்டி நின்று தண்ணீர் பிடித்தார்கள். இட்லிக் கடையில் அவரவர் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். கிளினிக்குக்கு அர்ஜுனனை மரகதம் தனியாகத் தாங்கிக் கூட்டிப்போனாள். அவன் பாரமானவன். இரண்டு தடவை வழியில் விழுந்தான். விழுந்த சத்தம் கேட்டு வீடுகளில் கதவுகள் திறந்தன. சந்து முனையில் நீல டீஷர்ட்டைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டன. மூன்று நாளாக இருந்தது இரண்டு நாளாயிற்று, பிறகு ஒரு நாளாயிற்று. புண்ணின் ஓரம் கறுத்தது.

எட்டாவது வாரம் கோலார் தங்கவயலில் சந்திரம்மாவின் அண்ணன் இறந்துபோனார். மரகதத்துக்கு அது மூன்று நாள் கழித்து, பூக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. டிவி என்று நினைத்துக்கொண்டாள். அல்லது டிவி என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. துக்கம் விசாரிக்கப் போனால் அவசரத்துக்குப் போனவர்கள் என்ற கட்டத்தில் விழும். அவள் போகவில்லை. மறுநாள் துணி உலர்த்தும்போது சந்திரம்மா வேலியோரம் நின்றாள்.

"பேப்பர்லன்னுதான் நெனச்சேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மூன்று மாதம் முடிந்தது. சந்தின் எண் பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. தேசிகன் நேரில் வந்து கிளினிக் வாசலில் நின்று பாராட்டினார். இந்த நகரத்தில் இவ்வளவு வேகமாகத் திருந்திய சந்து வேறு கிடையாது என்றார். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் படாமல் தள்ளித் தள்ளி நின்று கேட்டார்கள்.

"அதோடு ஒரு சின்ன நிர்வாக மாற்றம்" என்று தொடர்ந்தார் அவர். "அறிக்கையின்படி இங்கே சராசரியாக ஒருவருக்கு ஒரு சிநேகிதர் கூட இல்லை. யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. யாரும் யாரையும் அவசரத்துக்குக் கூப்பிடுவதில்லை. மக்களே கூடாத இடத்தில் பொது வசதி எதற்கு? அதனால் கிளினிக்கை, தொடர்புகள் செழிப்பாக இருக்கும் ஒரு வளாகத்துக்கு மாற்றுகிறோம். சரிபார்ப்பு மாதா மாதம் தொடரும்; எண் மறுபடி ஏறினால் அங்கேயும் உங்களுக்கு அனுமதி கிடையாது."

அந்த வளாகம் வீணா மேடத்தின் அபார்ட்மெண்ட். கிளப் ஹவுஸில் டேபிள் டென்னிஸ் மேசையை ஓரம் தள்ளி நோராவுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

அடுத்த புதன்கிழமை மரகதம் தெரிந்த ஆட்டோவில் அர்ஜுனனை ஏற்றிக்கொண்டு அங்கே போனாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி போனில் தட்டிப் பார்த்தான். "உங்க பேரு இருக்குதுக்கா. ஒன்பதாவது மாடி மேடத்தோட கான்டாக்ட்னு வருது. நீங்க போலாம். அவரு பேரு இல்ல."

"புண்ணு அவருக்குத்தாம்பா."

"தெரியுதுக்கா. ஆப்புல வீட்டுக்காரங்க ஓகே குடுக்கணும்."

வீணா மேடத்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து குரல் மெசேஜ் வந்தது. மீட்டிங்கில் இருப்பதாகவும், நோயாளிகளை லிஃப்ட் பக்கம் விடுவதைப் பற்றி அசோசியேஷனில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றும், கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்றும் மேடம் அன்பாகச் சொல்லியிருந்தார். நோராவே வெளியே ஓடி வந்தாள். கிளப் ஹவுஸில் திறந்ததிலிருந்து ஒரு ஆள் கூட வரவில்லை என்றாள். ஆட்டோவுக்குள் குனிந்து கட்டை லேசாக விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை மரகதம் கவனித்தாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஞாயிறு பூசை முடிச்சுட்டு நேரா வரேன்" என்றாள் நோரா. "பிடிச்சுக்க ரெண்டு பேராவது வேணும். செத்ததை வெட்டி எடுக்கணும்."

சனிக்கிழமை முழுக்க மரகதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வெளியே வந்து, சந்திரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். சந்திரம்மா திறந்தாள். மரகதம்தான் பேசினாள்.

"உங்க அண்ணன் எடுப்புக்கு வராம இருந்துட்டேன். மன்னிக்கச் சொல்ல வரல. நாளைக்கு அவரைப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

சந்திரம்மா வாசல்படியைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நோரா வந்தாள். வெளியே செருப்புக் கிடக்கக்கூடாது என்று மரகதம் எல்லாச் செருப்பையும் உள்ளே எடுத்து வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். அர்ஜுனனின் தோளைச் சந்திரம்மா கட்டிலோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். மரகதம் முழங்காலைப் பிடித்தாள். நோரா ஸ்பிரிட்டில் நனைத்த கத்தரியோடு குனிந்தாள். மரத்துப்போகப் போட்ட ஊசி பாதிதான் வேலை செய்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"முகேஷும்மா. மாசாந்திர சரிபார்ப்பு."

மூன்று பெண்களும் அசையவில்லை. அர்ஜுனனிடமிருந்து ஒரு முனகல் கிளம்பியது. சந்திரம்மா கையால் அவன் வாயைப் பொத்தினாள். மரகதம் கையைத் துடைத்துக்கொண்டு போய், கதவைத் தன் உடம்பு அளவுக்கு மட்டும் திறந்தாள்.

"உள்ள யாரும்மா?"

"யாருமில்ல. அவரு தூங்கறாரு."

ஸ்பிரிட் வாசனை அவளையும் தாண்டி வெளியே போனது. முகேஷ் மூக்கைச் சுளிக்கவில்லை. அவள் புடவை ஓரத்தில் இருந்த கறையைப் பார்த்தான். உடனே டேப்லெட்டுக்குப் பார்வையை மாற்றிக்கொண்டான்.

"இந்த மாசம் வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"வரல."

"நீங்க யார் வீட்டுக்காவது?"

"போகல."

"அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடல."

ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டுத் தட்டினான். எண் வந்தது.

"சைபர்ம்மா" என்றான். "ரொம்ப நல்ல நம்பர்."

போகத் திரும்பியவன் நின்றான். டேப்லெட் அடுத்த வீட்டு எண்ணைச் சொன்னது, அவன் நடந்தான்.

மரகதம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். அர்ஜுனன் கண் இரண்டிலும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. சந்திரம்மா கையை எடுத்தாள். உள்ளங்கையில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"போயிட்டானா?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

"உன் வூட்டுக் கதவைத் தட்டறான்" என்றாள் மரகதம்.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. ஆளில்லாத வீடு பதில் சொல்லவில்லை. நோரா கத்தரியை மறுபடி எடுத்தாள். சந்திரம்மா கடிபட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதே கையைத் திரும்பவும் அர்ஜுனன் வாயில் வைத்தாள்.